அம்மாவின் பாதம்

கோத்தகிரியில் ஒரு வாரமாக விடாத சாரல். தேயிலை பறித்துவிட்டு வந்த அம்மா பூட்ஸைக் கழற்றியபோதுதான் பார்த்தேன். கடைசி இரண்டு விரலுக்கு நடுவே தோல் வெள்ளையாக ஊறிப் பிளந்திருந்தது. சேற்றுப்புண். களிம்பு போட்டு, ஈரம் படாமல் வைத்தால் ஆறிவிடும்.

என்னைக் கலங்கடித்தது உள்ளங்காலில் இருந்த கொப்புளம். முந்தின ராத்திரி நெருப்புச் சட்டியில் கால் காய்ந்திருக்கிறாள், சுட்டதே தெரியவில்லை! 9 வருடச் சர்க்கரை பாதத்தின் உணர்ச்சியை மழுங்கடித்திருக்கிறது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிந்தால் சொல்லும்படி கேட்டு, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டார். மூன்று இடத்தில் அம்மா வாய் திறக்கவே இல்லை.

வீட்டில் சர்க்கரைக்காரர்கள் இருந்தால் இன்றைக்கே அவர்கள் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். கால் ஆணிக்கு நீங்களாகப் பிளாஸ்டர் ஒட்டாதீர்கள், அதிலுள்ள ஆசிட் நல்ல தோலையும் அரிக்கும். புண்ணோ, நிறமாற்றமோ, மரத்துப்போவதோ தெரிந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.