48 எண்களும் அக்கா மகனின் கணக்கும்

மதர்போர்டு மாற்றி வந்த லேப்டாப்பைப் போட்டேன். விண்டோஸ் வரவில்லை. நீலத் திரையில், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் ரெகவரி கீ (பூட்டைத் திறக்கும் மாற்றுச் சாவி) கேட்டது. ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி, மொத்தம் 48 எண்கள். அன்று டிசம்பர் 18. இருபதாம் தேதிக்குள் பதினோரு பனியன் கம்பெனிகளுக்கு ஜிஎஸ்டிஆர் 3பி என்ற மாத வரிக் கணக்குத் தாக்கல் போட்டாக வேண்டும். அவர்களுடைய கணக்குவழக்கு இருக்கும் டேலி கோப்புகள் எல்லாம் அந்த டிஸ்க்கில்தான். பேக்கப் எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது (ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது).

நான் பிட்லாக்கரே போடவில்லை என்று சர்வீஸ்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாக, "போர்டு மாத்தினா கேக்கத்தான் செய்யும் சார். கீ உங்க மைக்ரோசாஃப்ட் கணக்குல இருக்கும், பாருங்க" என்றார்.

அவர் சொன்னது சரி. மதர்போர்டில் டிபிஎம் என்று ஒரு சிப் இருக்கிறது. தினமும் டிஸ்க்கைச் சத்தமில்லாமல் திறந்துவிடுவது அதுதான். போர்டு போனால் சிப்பும் போய்விடும், பிறகு 48 எண்கள்தான் வழி. விண்டோஸ் 11 வரும் லேப்டாப்கள் பலவற்றில், முதன்முதலாக மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையும்போதே டிஸ்க் பூட்டப்பட்டு, ரெகவரி கீ அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும்.

என் கணக்கைத் திறந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. இரவு பத்து மணிக்கு வீட்டுக்காரிதான், "இதை வாங்குனப்ப செட் பண்ணிக் குடுத்தது யாரு?" என்று கேட்டாள். அக்கா மகன். ஃபோன் போட்டேன். "என் கணக்குலதானுங் மாமா போட்டேன்" என்றான், ரொம்பச் சாதாரணமாக. ஐந்து நிமிடத்தில் 48 எண்களும் வாட்ஸப்பில் போட்டோவாக வந்தன. டிஸ்க் திறந்தது. அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால் மைக்ரோசாஃப்டுக்குக் கோயிலே கட்டியிருப்பேன்.

ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. பசிபிக் கடலில் அமெரிக்காவின் கீழ் உள்ள குவாம் தீவில், கொரோனாக் கால வேலையிழப்பு உதவித்தொகை மோசடி வழக்கு. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ நீதிமன்ற உத்தரவோடு கேட்க, மூன்று லேப்டாப்களின் பிட்லாக்கர் கீயை மைக்ரோசாஃப்ட் கொடுத்திருக்கிறது. வருடத்துக்குச் சுமார் 20 கோரிக்கைகள் வருவதாகவும், கீ தங்களிடம் சேமிக்கப்படாத இடங்களில் தங்களால் உதவ முடிவதில்லை என்றும் நிறுவனமே சொன்னது. கடைசியில் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. இருந்தால் கொடுத்தாக வேண்டும், இல்லாததை யார் கேட்டாலும் கொடுக்க முடியாது.

எஃப்பிஐ திருப்பூருக்கு வரப்போவதில்லை, தெரியும். "தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம்?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். டிஸ்க்கில் இருப்பது என் கணக்குவழக்காக இருந்தால் நானும் அப்படித்தான் கேட்பேன். அது பதினோரு கம்பெனிகளின் கணக்குவழக்கு. கீ இப்போது எங்கெல்லாம் கிடக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். மைக்ரோசாஃப்ட் சர்வர், அக்கா மகனின் மெயில் பாஸ்வேர்டு தெரிந்த எவரும், வாட்ஸப் போட்டோவாக எங்கள் இரண்டு ஃபோனிலும், அந்த போட்டோவைத் தானாக பேக்கப் எடுத்துவைத்த கூகுள். ஒரு நீதிமன்ற உத்தரவைவிட அவனுடைய பாஸ்வேர்டு எனக்கு அதிகம் பயம் தந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். முதலில் லேப்டாப்பிலிருந்து அவன் கணக்கை நீக்கி, மைக்ரோசாஃப்டோடு சேராத லோக்கல் கணக்கு வைத்தேன். இதைப் பிறகு செய்யலாம் என்று விட்டால், புதுக் கீயும் அவன் கணக்குக்கே போய்விடுமோ என்ற சந்தேகம். அவனைவிட்டு இணையதளத்தில் பழைய கீயை அழிக்கச் சொன்னேன். அழிந்தது என்று காட்டியது. அங்கே உள்ளுக்குள் அழிந்ததா என்று நான் போய்ப் பார்க்கவா முடியும்?

அதனால் கீயை மட்டும் மாற்றுவதோடு நிறுத்தவில்லை. இந்த 48 எண்கள் டிஸ்க்கின் அசல் சாவி அல்ல, அசல் சாவி இருக்கும் பெட்டியின் சாவி. பெட்டிக்குப் புதுச் சாவி செய்தாலும் உள்ளே இருப்பது பழையதுதான். என்னுடையது விண்டோஸ் ப்ரோ என்பதால் கண்ட்ரோல் பேனலில் பிட்லாக்கரை முழுசாக நிறுத்தி, டிஸ்க் மொத்தமும் பூட்டு நீங்கும்வரை காத்திருந்து, மறுபடி புதிதாகப் போட்டேன். சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கமும் போட்டு எழுந்தபோது முடிந்திருந்தது.

புதுக் கீயை எங்கே வைக்க என்று கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கா, கோப்பாகவா, பிரிண்டா? கோப்பைப் பூட்டப்போகும் அதே டிஸ்க்கில் வைக்க விடாது, நல்ல காரியம். வீட்டில் பிரிண்டர் இல்லை. ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பி பிரிண்ட் எடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், சிரிப்பு வந்துவிட்டது. பென் டிரைவில் போட்டு, அதைப் பார்த்துப் பேனாவால் இரண்டு தாளில் எழுதினேன்.

எழுதும்போதுதான் கணக்குப்பிள்ளைக்குப் பிடித்த விஷயம் ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு ஆறு இலக்கத் தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும். 345675 என்று ஒரு தொகுதி இருந்தால், ஒன்றுவிட்டு ஒன்றாக 3, 5, 7 கூட்டினால் 15. மிச்சமுள்ள 4, 6, 5 கூட்டினாலும் 15. இரண்டும் சமமாக வரவேண்டும், அல்லது வித்தியாசம் 11 அல்லது 22 ஆக வேண்டும். ஒரு இலக்கம் பிசகினாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினாலோ மாட்டிக்கொள்ளும். எட்டுத் தொகுதியையும் அப்படிச் சரிபார்த்ததில் என் கையெழுத்தில் 1 எது 7 எது என்ற குழப்பம் ஓரிடத்தில் பிடிபட்டது.

ஒரு தாள் வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில். இன்னொன்றை உறையில் போட்டு ஒட்டி அண்ணனிடம் கொடுத்தேன். "என்னடா, உயில் கியில் எழுதிட்டியா?" என்றார். பென் டிரைவில் இருந்த கோப்பை அழித்தேன். வாட்ஸப் போட்டோவை அப்படியே விட்டுவிட்டேன், அந்த எண்களுக்கு இனி என் டிஸ்க் திறக்காது. பயாஸுக்கு (லேப்டாப்பை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் வந்தால் முதலில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும் என்று லேப்டாப் மூடியிலேயே சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

அக்காவின் லேப்டாப்பையும் இப்படி மாற்றித்தரவா என்று அக்கா மகன் கேட்டான். வேண்டாம் என்றேன். அதில் இருப்பது பேரன் போட்டோக்களும் கோலங்களும். ரேஷன் கார்டையே வருடத்துக்கு இரண்டு முறை தேடுகிறவர் அக்கா. தாளைத் தொலைத்தால் போட்டோ அத்தனையும் போய்விடும். அவருடைய கீ மைக்ரோசாஃப்டிடமே இருக்கட்டும். யாருடைய கணக்கில் இருக்கிறது என்பதை மட்டும் இந்த முறை பார்த்து வைத்துக்கொண்டோம்.