பேசியது தீர்மான நோட்டில் ஏறும் வரை: ஒரு கிராம சபை அனுபவம்

கிராம சபையில் பேச யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் நீங்களும் அந்தச் சபையின் உறுப்பினர்தான். எங்கள் ஊரில் பலர் இதை இன்னும் நம்புவதில்லை. தலைவரும் வார்டு மெம்பர்களும் பேசுவார்கள், நாம் போய் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். நானும் எங்கள் மகளிர் குழு அக்காக்களும் ஒரு தண்ணீர்ப் பிரச்சனையைச் சபையில் பேசி, தீர்மானமாக்கி, வேலை நடக்கும் வரை விடாமல் பின்னால் போனோம். அதை எழுதிவைத்தால் இன்னொரு ஊருக்கு உதவும் என்று தோன்றியது.

நாங்கள் தருமபுரி மாவட்டம். இங்கே போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரித்தால் முன்பல்லில் மஞ்சளும் பழுப்புமாகப் பட்டை பட்டையாகத் தெரியும். வயதானவர்கள் பலருக்கு முதுகும் மூட்டும் விறைத்து, குனிந்து ஒரு குடம் தூக்க முடியாது. இதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து 2013-ல் தொடங்கினார்கள். திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பு, அதாவது ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் நோயைத் தடுப்பது என்பது இருக்கிறது.

எங்கள் ஊரில் என்ன நடந்தது என்றால், ஒகேனக்கல் தண்ணீர் ஏறுகிற அதே மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் ஏற்றினார்கள். குழாயில் வருவது குறைவாக இருக்கிறது, ஜனங்கள் சத்தம் போடுகிறார்கள், அதனால் கலந்து விடுகிறோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். காவிரித் தண்ணீர் வந்தும் பிள்ளைகள் குடித்தது பாதிக்குப் பாதி போர் தண்ணீர். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று எங்கள் தெருவிலேயே பல வீட்டில் நினைத்திருந்தார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

சபைக்குப் போகும் முன் கையில் ஆதாரம் வேண்டும் என்று முடிவு செய்தோம். ஜல் ஜீவன் திட்டத்தில் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டி கொடுத்து, ஊர்ப் பெண்களுக்கே பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் குழுவில் ஒரு அக்கா அந்தப் பயிற்சிக்குப் போனவர். பெட்டியை ஊராட்சி ஆபீஸ் அலமாரியிலிருந்து கேட்டு வாங்கி, தொட்டிக்குக் கீழே இருக்கும் திண்ணையில் வைத்துப் பார்த்தோம். ஒரு சோதனைக் குழாயில், ஒகேனக்கல் தண்ணீர் மட்டும் வரும் பக்கத்து ஊரிலிருந்து பிடித்தது, இன்னொன்றில் எங்கள் தெருக்குழாய்த் தண்ணீர். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி தெளிவு. மருந்துத் துளிகளை விட்டதும் முதல் குழாயில் நிறம் சிவப்பு சாயலோடே நின்றது. இரண்டாவதில் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து மஞ்சளுக்குப் போனது. ஃபுளோரைடு அதிகம் இருந்தால் அப்படித்தான் மாறும். சுற்றி நின்ற பெண்கள் யாரும் அதற்கப்புறம் எங்களிடம் விளக்கம் கேட்கவில்லை. ஆனாலும் ஆபீஸில் பெட்டிச் சோதனையை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று, ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கும் கொடுத்தோம். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரக்கணக்கு. எங்கள் தண்ணீர் 1.5-ஐயும் தாண்டியிருந்தது.

இப்போது ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நாங்கள் 2023 அக்டோபர் 2 கூட்டத்துக்குத் தயாரானோம். கூட்டப்பொருளில் குடிநீர் எப்போதும் இருக்கும், அதனால் புதிதாகச் சேர்க்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை. கோரிக்கையை ஒரே பக்கத்தில் எழுதி, ஆய்வக அறிக்கையின் நகலை இணைத்து, முன்கூட்டியே ஊராட்சி செயலரிடம் கொடுத்தோம். இன்னொரு நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டோம். அந்த முத்திரை மிக முக்கியம், விட்டுவிடாதீர்கள்.

அன்றைக்குக் கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள்தான் பாதிக்கு மேல். வந்து உட்கார்ந்ததுமே கையெழுத்து நோட்டு சுற்றி வந்தது. புரட்டிப் பார்த்தால் மேலே எழுத்தே இல்லாத வெற்றுப் பக்கம். குறைந்தபட்ச ஆள் கணக்கு வேண்டும் என்பதற்காக முதலிலேயே கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானத்தை அப்புறம் ஆபீஸில் வைத்து எழுதுவது பழக்கமாகியிருந்தது. வருகைக்கு வேறு தாளில் போடுகிறோம், தீர்மான நோட்டில் எழுதிப் படித்துக் காட்டிய பிறகு போடுகிறோம் என்று குழு அக்காக்கள் சொல்லிவிட்டார்கள். ஒருவர் சொன்னதும் பக்கத்தில் இருந்தவர்களும் பேனாவைக் கீழே வைத்தார்கள்.

தலைவர் எனக்குப் பெரியப்பா முறை. வீட்டு விசேஷத்தில் ஒன்றாகப் பந்தியில் உட்காருகிறவர் முன்னால் எழுந்து நின்று கேள்வி கேட்பது சுலபம் இல்லை. அதனால் "தலைவருக்கும் பற்றாளர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்து, உறவுமுறை எதையும் சொல்லாமல் பேசினேன். பற்றாளர் என்றால் கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பும் அலுவலர். ஆய்வக அறிக்கையின் எண்ணைப் படித்தேன். இரண்டு தண்ணீரையும் கலப்பதை நிறுத்த வேண்டும் என்று கேட்டேன். பழைய கதை, யார் மேல் தப்பு, எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தச் சண்டையிலேயே கூட்டம் முடிந்திருக்கும்.

"நீ எந்தக் கட்சிக்காகப் பேசுற?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "எம்பொண்ணு பல்லுக்காகப் பேசுறேண்ணா" என்றேன். அத்தோடு அது நின்றது.

உண்மையான எதிர்ப்பு வேறு இடத்திலிருந்து வந்தது. மாடு வைத்திருக்கும் ஒரு பாட்டி எழுந்து, "போரை நிறுத்திட்டா என் மாட்டுக்கு ஆறு தண்ணியா வரும்? எனக்குப் பல்லே இல்ல, நீ பல்லப் பத்திப் பேசுற" என்றார். அவர் கேட்டது நியாயம். ஒகேனக்கல் தண்ணீர் தினமும் வருவதில்லை. துவைக்க, துலக்க, மாட்டுக்கு என்று எல்லாவற்றுக்கும் அது போதாது. இந்த இடத்தில் டேங்க் ஆபரேட்டர் அண்ணன்தான் வழி சொன்னார். போர் குழாயை மேல்நிலைத் தொட்டியிலிருந்து கழற்றி, மாட்டுத் தொட்டிப் பக்கம் ஒரு சின்டெக்ஸ் வைத்து அதில் விட்டுவிடலாம், பெரிய செலவில்லை என்றார். பாட்டி உட்கார்ந்துவிட்டார். எங்கள் கோரிக்கையை விட அது நல்ல கோரிக்கை.

செயலர், "சரிம்மா, மனு கொடுத்திருக்கீங்க இல்ல, பார்த்துக்கலாம்" என்று அடுத்த பொருளுக்குப் போகப் பார்த்தார். இதை விட்டால் எல்லாம் போச்சு. நோட்டில் "குடிநீர் பிரச்சனை குறித்து விவாதிக்கப்பட்டது" என்று ஒரு வரி ஏறும், அதை வைத்து எந்த ஆபீஸிலும் எதையும் கேட்க முடியாது. பற்றாளராக வந்திருந்தவரிடம் திரும்பி, இங்கேயே எழுதிப் படிக்கச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர், செயலரை எழுதச் சொன்னார். எந்தப் போர், எந்தத் தொட்டி, தண்ணீரை எங்கே திருப்பிவிடுவது, செலவு எந்த நிதியில் என்று ஒவ்வொன்றாக எழுத வைத்தோம். சத்தமாகப் படித்தார்கள். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. வெயில் ஏறி, ஜனங்கள் எழுந்து போகத் தொடங்கும் நேரம்தான் அது. அந்த அரை மணி நேரம் குழுவினர் யாரும் நகராமல் இருந்ததால்தான் காரியம் நடந்தது.

டவுனில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் தங்கை கிருஷ்ணகிரி டவுனில் இருக்கிறாள், நகர்மன்றக் கூட்டத்தில் நாமும் இப்படிப் பேசலாமா என்று கேட்டாள். அங்கே பேசுவது கவுன்சிலர்கள்தான். மக்களுக்கு என்று இருப்பது பகுதி சபை, அதாவது வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் கூட்டம்; 2022 நவம்பர் 1-ல்தான் முதன்முதலாகக் கூட்டினார்கள். எப்போது கூடுகிறது என்று வார்டு கவுன்சிலரைத்தான் விடாமல் கேட்க வேண்டும்.

தீர்மானம் போட்டதும் மறுநாளே வேலை நடந்துவிடவில்லை. தீர்மான நகல் கேட்டபோது வாயால் சொன்னால் கிடைக்கவில்லை, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்டோம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தந்தார்கள். அந்த நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலரைப் பார்த்தோம். அப்புறம் கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தோம். ஊராட்சி மணி என்ற புகார் தொலைபேசி எண் 155340-க்கும் கூப்பிட்டோம். எங்கே போனாலும் முதலில் கேட்டது தீர்மான எண்ணையும் தேதியையும்தான். அது கையில் இருந்ததால் யாரும் எங்களைத் திருப்பி அனுப்ப முடியவில்லை.

இப்போது போர் தண்ணீர் தனி சின்டெக்ஸில் போகிறது, குழாயடியில் மாடும் குளிக்கிறது, துணியும் துவைக்கிறார்கள். மேல்நிலைத் தொட்டியில் ஒகேனக்கல் தண்ணீர் மட்டும். கடைசித் தெருவில் மட்டும் பழைய போர் இணைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. 2025 ஜனவரியில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தலைவருக்குப் பதிலாக அரசு நியமிக்கும் தனி அலுவலரின் நிர்வாகம் வந்ததால் யாரைக் கேட்பது என்று கொஞ்ச நாள் குழம்பினோம். யார் பொறுப்பில் இருந்தாலும் சபையும் நோட்டும் அதேதான். கடைசித் தெரு அக்காக்களிடம் அவர்கள் குழாய்த் தண்ணீரை ஆய்வகத்துக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம். அறிக்கை வந்ததும் அடுத்த கூட்டத்தில் அவர்களே பேசுகிறார்கள்.