கிள்ளான் காக்காயும் டெல்டா காக்காயும்

காவிரி டெல்டாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தால் தாம்பூலத்தோடு சேர்த்துக் கொடுப்பது அறிவுரை. அதிலும் பாதி பறவையையும் பூச்சியையும் வைத்துத்தான். எறும்பு மாதிரி சேர்த்து வை, காக்கா மாதிரி கூடிச் சாப்பிடு, கொக்கு மாதிரி பொறுமையாக இரு, தூக்கணாங்குருவி மாதிரி குடும்பத்தைக் கட்டு. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அப்புறம் வயல்வெளியில் வேறு பொழுதுபோக்கு இல்லாததால், இவர்கள் சொல்லும் ஜீவராசிகள் உண்மையில் என்னதான் செய்கின்றன என்று உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், கிள்ளானில். கணவருக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது பழக்கமாகி, கல்யாணமாகி, மாமாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் நிலத்தைப் பார்க்க ஆள் வேண்டும் என்று இங்கேயே வந்துவிட்டோம். டெல்டாவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாடு போக வழி தேடும்போது நாங்கள் எதிர்த்திசையில் வந்தது பலருக்கு இன்னும் விளங்கவில்லை. "தமிழ்தானே பேசுற, உனக்கு என்ன புது நாடு?" என்று கேட்பவர்களும் உண்டு. இந்திய சிம் இல்லாமல் ஓடிபி வராது, ஓடிபி இல்லாமல் கேஸ் சிலிண்டர் வாங்குவதுகூடச் சிக்கல். வெளிநாட்டுக் குடிமகளுக்கு ஆதார் வேண்டுமென்றால் முந்தைய 12 மாதத்தில் 182 நாளாவது இங்கே தங்கியிருக்க வேண்டும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் இந்தியாவில் நீண்ட காலம் தங்க உதவுவது) என்றால் பதிவு செய்த கல்யாணத்துக்கு 2 வருஷம் ஆகியிருக்க வேண்டும். அதுவரை கணவர் நம்பரில்தான் நம் வாழ்க்கை ஓடும். இரவு பதினொரு மணிக்கு 'மாமாக்' எனப்படும் இந்திய முஸ்லிம் கடையில் தே தாரிக் என்ற ஆற்றிய பால் டீ குடித்து வளர்ந்தவளுக்கு எட்டரை மணிக்கு ஊரே அடங்கிவிடுவது இன்னொரு தண்டனை. இது புது நாடுதான், சந்தேகமே வேண்டாம்.

சரி, காக்காய்க்கு வருகிறேன். அத்தை தினமும் மதியம் வடித்த சோற்றில் ஒரு கைப்பிடி எடுத்து, பருப்பும் நெய்யும் விட்டு, கொல்லை மதில்மேல் வைப்பார். காக்கா வாய்வைக்காமல் வீட்டில் யாருக்கும் இலை கிடையாது. அமாவாசையன்று வடை, பாயசத்தோடு ராஜ உபசாரம். கிள்ளானில் இதே காக்காயை நகர நிர்வாகம் ஆள் வைத்துச் சுடும். காரணம் இருக்கிறது: அந்தக் காக்காய்கள் அந்த மண்ணைச் சேர்ந்தவை அல்ல. 1890களில் காபித் தோட்டங்களில் புழுத் தொல்லை தாங்காமல், அவற்றைத் தின்னட்டும் என்று சிலோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். காபி போய் ரப்பர் வந்துவிட்டது, காக்கா மட்டும் பெருகி, குப்பைத் தொட்டியைக் கிளறும் தொல்லையாகப் பெயர் வாங்கிவிட்டது. தோட்ட வேலைக்கென்று கப்பலேற்றிய கூட்டம், வேலை முடிந்ததும் வேண்டாதது ஆகிவிட்டது. என் பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறியதும் தோட்ட வேலைக்குத்தான். இதற்கு மேல் ஒப்பிட்டால் அம்மா கோபித்துக்கொள்வார், நிறுத்திக்கொள்கிறேன்.

சுடுவார்கள் என்று நான் சொன்னதும் அத்தைக்கு முகமே மாறிவிட்டது. "முன்னோரயா சுடுவாங்க?" என்றார். அதே கறுப்பு, கழுத்தில் அதே சாம்பல், ஒரே இனம். இங்கே பித்ரு, அங்கே தொல்லை. காக்கா ஒன்றும் மாறவில்லை. பறவையிடமிருந்து பாடம் கற்றுக்கொள்கிறோம் என்பதெல்லாம் பாதிதான் உண்மை. பாடத்தை நாம் முதலிலேயே எழுதி வைத்துவிட்டு அதன் கழுத்தில் மாட்டிவிடுகிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கூடி உண்ணும் கதையையும் மதில்மேல் பார்த்துவிட்டேன். வெறும் சோறு என்றால் முதலில் வரும் காக்கா கத்திக் கூட்டத்தைக் கூப்பிடுகிறது, அது வாஸ்தவம். அதே இடத்தில் வடை இருந்தால் சத்தமே இல்லை, கவ்விக்கொண்டு நேரே தென்னைக்குப் போய்விடுகிறது.

தூக்கணாங்குருவி விஷயம் இன்னும் மோசம். வாய்க்கால் ஓரத்துப் பனையில் வரிசையாகத் தொங்கும் கூடுகளைக் காட்டி, பொறுப்பு என்றால் இதுதான் என்பார்கள். கட்டுவது ஆண். பாதி கட்டிவிட்டு, வாசலில் தொங்கிக்கொண்டு சிறகடித்துப் பெண்ணைக் கூப்பிடும். பெண் வந்து உள்ளே புகுந்து சோதித்து, பிடித்தால் மட்டும் தங்கும். பிடிக்காத கூடு பாதியிலேயே நிற்கும். தங்கிவிட்டால் மீதியைக் கட்டி முடித்துவிட்டு, அவள் அடைகாக்கும் நேரத்தில் இவர் அடுத்த கூட்டுக்கு அஸ்திவாரம் போடப் போய்விடுவார், அடுத்த பெண்ணுக்காக. நாத்தனாரிடம் சொன்னேன். "இதுக்குக் குருவியைப் போயா பாக்கணும் அண்ணி?" என்றாள்.

ஆனால் எனக்கு நிஜமாகவே உதவிய ஒரு பறவை உண்டு. உண்ணிக்கொக்கு. கொக்கு என்றால் ஒற்றைக் காலில் தவம் என்று நினைப்போம், இது அந்த வகை இல்லை. ஆடி மாதம் வயலில் டிராக்டர் இறங்கியதும் எங்கிருந்துதான் வருமோ, பின்சக்கரத்துக்கு இரண்டடி தள்ளி, புரளும் சேற்றைப் பார்த்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாக வரும். சக்கரம் கிளப்பிவிடும் தவளையும் பூச்சியும் அதற்கு. ஓட்டுகிறவர் ரிவர்ஸ் எடுத்தால் நிதானமாக ஒதுங்கி, திரும்பவும் அதே இடத்துக்கு வந்துவிடும். ஒரு காலத்தில் இது மாட்டின் பின்னால் நடந்த பறவை. மாடு குறைந்து டிராக்டர் வந்தது, அதற்கு ஒரு வருத்தமும் இல்லை, ஆளை மாற்றிக்கொண்டது. ஆப்பிரிக்காவில் இருந்த இதன் சொந்தக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தாங்களாகவே அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தென் அமெரிக்காவுக்குப் போய், 1950களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை கூடுகட்டிவிட்டார்கள். அங்கேயும் மேய்கிற மாடு இருந்ததா, போதும். நான் வந்த புதிதில் இங்கே இல்லாததையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன், மைலோ சாக்லேட் பானம், பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை, விடிய விடிய வெளிச்சம். வரப்பில் நின்று இந்தக் கொக்கைப் பார்க்கப் பார்க்க, இந்த ஊரில் இப்போது எது நகர்கிறது, அதன் பின்னால் போனால் என்ன கிடைக்கும் என்று யோசிக்கப் பழகினேன். இப்போது மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பொறுமையாக ஒற்றைக் காலில் நின்றிருந்தால் இரண்டும் கிடைத்திருக்காது.

மாசி மாதம் தாளடி (இரண்டாம் போக நெல்) அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள், அதாவது ஊர் ஊராகப் போகும் ஆட்டிடையர்கள், மந்தையோடு வருவார்கள். ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி நம் வயலில் கிடை போடுவார்கள், மந்தை இரவில் அங்கேயே தங்கும், புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். சாயங்காலம் மந்தை மேய்ச்சலிலிருந்து திரும்பும் நேரம் பார்க்க வேண்டும். கூண்டில் அடைத்திருந்த குட்டிகளைத் திறந்துவிட்டதும் ஒரே இரைச்சல், நூற்றுக்கணக்கில் அம்மா, நூற்றுக்கணக்கில் பிள்ளை, ஆனால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஜோடி சேர்ந்துவிடும். குரலை வைத்துக் கிட்டே வரும், கடைசி முடிவு மூக்குக்குத்தான். மடியில் முட்டும் குட்டியின் வாலடியை முகர்ந்து பார்த்து, தன்னுடையது இல்லையென்றால் தாய் ஒரு முட்டு முட்டித் தள்ளிவிடும். ஈன்ற சில மணி நேரத்துக்குள் குட்டியின் வாசனை அதன் மண்டையில் பதிந்துவிடுமாம், அதற்குப் பிறகு வேறு குட்டிக்கு இடமில்லை.

அன்றைக்கு ஒரு தாயில்லாக் குட்டி இருந்தது. கீதாரி, குட்டியை இழந்த ஒரு ஆட்டைக் கழுத்தோடு பிடித்து, கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, அந்தக் குட்டியைப் பால் குடிக்கவிட்டார். ஆடு உதைத்தது. "அவசரப்பட்டா ஆகாது தாயி," என்றார் என்னிடம். "இவ பாலு அது வயித்துல எறங்கி, இவ வாசம் அதுமேல வரணும். வந்துட்டா இவளே கூப்புடுவா." சில நாள் இப்படிப் பிடித்துத்தான் ஊட்ட வேண்டுமாம். அத்தை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அப்போது நான் இங்கே வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மூன்று வேளையும் அத்தை சமையல்தான். அன்று ராத்திரி மடவை மீன் குழம்பில் எனக்கு இரண்டு துண்டு அதிகம் விழுந்தது.

இன்னும் சில இருக்கின்றன. எங்கள் வீட்டில் உம்பளச்சேரி மாடு, அந்த ஊரும் இங்கிருந்து அதிக தூரமில்லை. கன்று பிறக்கும்போது செவலை (சிவப்பு), ஆறு எட்டு மாதத்தில் மயிலை (சாம்பல்) ஆகிவிடும். உதயமார்த்தாண்டபுரம் ஏரியில் நத்தை குத்தி நாரை கூடு கட்டுகிறது. 2022இல் அந்த இடத்தை ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் பட்டியலில், சேர்த்தார்கள். அந்த நாரையின் அலகு நடுவில் விலகி இருக்கும், குஞ்சுக்கு அந்த விலகல் கிடையாது, வளர்ந்த பிறகுதான் வரும். இதற்கெல்லாம் என்ன பாடம் என்று கேட்காதீர்கள், உங்களுக்குத் தேவையானதை எழுதிக்கொள்ளுங்கள்.

மலேசியா, சிங்கப்பூரிலிருந்து யாராவது இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வருவதாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் வராதீர்கள், மழையில் துணி காயாது, ஊர் மொத்தமும் சேறு. மாசியில் வாருங்கள். கல்யாணப் பதிவுச் சான்றிதழின் நகல் ஐந்தாறு கையில் இருக்கட்டும், பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயரின் எழுத்துகள் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். மைலோ கொண்டுவந்தால் பெரிய பாக்கெட்டாக எடுத்து வாருங்கள், எனக்கும் சேர்த்து.