துண்டு வெட்டும் வரை

மார்ச் 3, திங்கள்
அப்பாவுக்குக் காய்ச்சல் இன்றும் இறங்கவில்லை.

மார்ச் 4
கந்தோரில், அதாவது அரசு அலுவலகத்தில், பெயர் திருத்தும் படிவம் சிங்களத்தில் மட்டும்தான். தமிழில் கேட்டால் "முடிஞ்சிருச்சு". 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழி ஆனதாம், கவுண்டருக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை. மழையில் நனைந்து ஆஸ்பத்திரி வார்டுக்கு வந்து, தங்கச்சிக்குப் போன் போட்டு, சத்தமாகவே சொன்னேன்: "இந்தச் சிங்களவனுங்களே இப்படித்தான்." பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி அப்போது பிளாஸ்கிலிருந்து கொத்தமல்லித் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு கோப்பை. ஒன்று அப்பாவுக்கு.

மார்ச் 5
அந்தச் சிங்கள அம்மாவுக்குத் தமிழ் தெரியுமா?

மார்ச் 7
தூக்கமில்லை. அப்பாவுக்கு அடையாள அட்டை கிடைத்தபோது 50 வயது. பிறந்தது இங்கே தேயிலைத் தோட்ட லயத்தில், கொழுந்துக்கு மருந்தடித்ததும் இங்கே, ஆனாலும் 1948 குடியுரிமைச் சட்டத்தால், இந்திய வம்சாவளி என்று, நாடில்லாத ஆளாகி, 2003இல் வேறொரு சட்டம் வரும்வரை அப்படியே. அந்தக் கோபம் எனக்குப் போகாது, போகவும் வேண்டாம். ஆனால் 1948இல் பாராளுமன்றத்தில் அதை எதிர்த்துப் பேசிய என்.எம். பெரேரா யார்? சிங்களவர்தானே. 1964இல் நம் பிரதமர் சிறிமாவோடு உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று எங்களை மூட்டை மாதிரி பங்குபோட்ட இந்தியப் பிரதமர் சாஸ்திரி யார்? அதற்காக இந்தியாக்காரனுங்களே இப்படித்தான் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லையே. சாஸ்திரியைத் திட்டுவேன், அதோடு சரி. யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு இருந்தபோது வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் 'தோட்டக்காட்டான்' என்று இழிவாகச் சொன்னார், அவரும் தமிழர்தான். அது எப்படி வலித்தது என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் என் வாயில் அது வந்தது.

மார்ச் 8
மச்சான் சொல்கிறார், முறைப்பாடெல்லாம் வேண்டாம், இனவாதம் பேசுறான்னு சொல்லிருவாங்க. படிவம் தமிழில் இல்லை என்பதில் என்ன இனவாதம்? எரிச்சலாக வருகிறது.

மார்ச் 9
சோற்றில் உப்பில்லை என்று அப்பா தமிழில் முணுமுணுத்தார். அந்த அம்மா சிரித்தார்.
அப்போ அன்றைக்கும் விளங்கியிருக்கும்.

மார்ச் 10
இன்றும் கொத்தமல்லித் தண்ணி. "நங்கி, தாத்தாவுக்குக் கொடுங்க" என்று நீட்டினார், நங்கி என்றால் தங்கச்சி, தாத்தா என்றால் அவர்களுக்கு அப்பா. மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, "இஸ்துதி" என்று நன்றி மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 11
அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குக் கடிதம். முதலில் எழுதியதில் 'உங்கள் ஆட்கள்' என்று நான்கு இடத்தில் இருந்தது. நான்கையும் வெட்டிவிட்டு இரண்டாம் கவுண்டர், காலை 10.20, இல்லாத படிவம் என்று எழுதினேன். கடிதம் பாதியாகச் சுருங்கிவிட்டது, கோபம் மட்டும் சுருங்கவில்லை.

மார்ச் 13
போயா, பௌர்ணமி விடுமுறை. கந்தோர் மூடு. தபால் கந்தோரும்.
பக்கத்துக் கட்டில் காலி. நேற்று இரவே துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம், நான் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த அம்மாவுடைய கோப்பை அப்பாவின் மேசை லாச்சியில் இருக்கிறது, நீலப் பூப்போட்டது, கைப்பிடி லேசாக உடைந்தது. எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை.

மார்ச் 14
காய்ச்சல் 99.