கல்யாண நாளுக்கு ஒரு திமிங்கலம்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் கடல் கிடையாது. தெற்கே டெக்சாஸ் முழுக்கத் தாண்டினால்தான் உப்புக் காற்றே அடிக்கும். அப்படிப்பட்ட ஊரில்தான் எண்பது அடி நீளத்துக்கு ஒரு நீலத் திமிங்கலம் குளத்தில் கிடந்து, தலையில் பேஸ்பால் தொப்பியோடு, வருகிறவர் போகிறவரைப் பார்த்து ஈ என்று இளித்துக்கொண்டிருக்கிறது. டல்சாவை ஒட்டிய கட்டூசாவில், பழைய ரூட் 66 சாலை ஓரம்.

ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவை டல்லஸிலிருந்து கூட்டிக்கொண்டு போனேன். இறங்கியதுமே அம்மா, "சிமெண்ட் மீனைப் பார்க்கவா நாலு மணி நேரம் கார்ல உட்கார வச்ச?" என்றார்.

அப்பா அரசாங்க சிவில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கண்ணுக்குத் திமிங்கலமே தெரியவில்லை. நேரே போய் வாய்ப்பக்கம் விரலை மடக்கி டொக் டொக் என்று தட்டினார். "உள்ளே குழாயும் கம்பியும் கட்டி மேலே பூசியிருக்கான். ஐம்பது வருஷத்துக்கு விரிசல் பரவாயில்லை."

டல்சா விலங்குக் காட்சிசாலையின் இயக்குநராக இருந்து ஓய்வு பெற்ற ஹ்யூ டேவிஸ் என்பவர் 1970களின் தொடக்கத்தில் கட்டியது இது. வெல்டிங் வேலைக்கு மட்டும் ஒரு நண்பர். மற்றபடி 126 மூட்டை சிமெண்டையும் வாளி வாளியாகச் சுமந்து கையாலேயே பூசினாராம். மனைவி ஸெல்டா திமிங்கலப் பொம்மைகள் சேர்க்கிறவர். அவருக்குக் கல்யாண நாள் பரிசு. அதுவும் என்ன கட்டுகிறார் என்று சொல்லாமலே!

இதை நான் சொல்லி முடித்ததும் அம்மா அப்பா பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா?"

அப்பா வால் பக்கம் நகர்ந்தார்.

"ஏங்க, உங்களைத்தான். நம்ம இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு என்ன வாங்கிக் குடுத்தீங்க?"

"கிரைண்டர்."

"அதுவும் பழைய கிரைண்டரைக் கழிச்சுக்கிட்டு, மீதிக்குத் தவணை."

பக்கத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த அமெரிக்கத் தம்பதிக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. அந்த மனிதர் அப்பாவைப் பார்த்துத் தோழமையாகத் தலையாட்டினார்.

குடும்பத்துக்கென்று கட்டியதுதானாம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து குதிக்க ஆரம்பித்ததும் ஊருக்கே திறந்துவிட்டார்கள். துடுப்பில் சறுக்குமரம், வாலில் நின்று தண்ணீரில் குதிக்க மேடை. 1988இல் மூடி, பாழடைந்து, பிறகு ஊர்க்காரர்களே கூடிப் பழுதுபார்த்து வண்ணமடித்தார்கள். இப்போது இடம் நகராட்சியின் கையில். குளத்தில் இறங்க மட்டும் அனுமதியில்லை. அம்மா வாய் வழியாக உள்ளே நுழைந்து வால் வரைக்கும் போனார், ஆமைகளை எட்டிப் பார்த்தார், படமும் எடுக்கச் சொன்னார். சிமெண்ட் மீன் என்ற பேச்சு அதன்பிறகு எழவில்லை.

மரத்தடி பெஞ்சில் புளியோதரையைப் பிரித்தபோது, இதே கட்டூசாவில் ஒரு துறைமுகமும் உண்டு, ஆற்று வழியாக மிசிசிப்பிக்கும் அங்கிருந்து கடலுக்கும் சரக்குப் படகுகள் போகின்றன என்றேன். பேச்சை மாற்ற அப்பாவுக்கு அது போதும். ஆற்றின் ஆழம் என்ன, எத்தனை மதகு என்று குடைந்தார். அம்மா அசரவில்லை.

"ஏங்க, அந்த டேவிஸ் பொண்டாட்டி கேட்டாளா இதை?"

"கேட்கலை."

"எனக்குக் கேட்டாவது கிடைச்சுதா?"

திரும்பும் வழியில் பின்சீட்டில் வெகுநேரம் சத்தமில்லை. கண்ணாடியில் பார்த்தால் அப்பா கைபேசியில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "மூட்டை நானூறுன்னு வச்சாலும் அம்பதாயிரம் ரூபாய்ல சிமெண்ட் முடிஞ்சிடும்மா. நம்ம கிணத்தடில எவ்வளவு இடம் இருக்கும்?"

"முதல்ல பாத்ரூம் டைல்ஸை மாத்துங்க" என்றார் அம்மா.