மதில் சுவருக்கு வெளியே ஓர் இறுதிப் போட்டி

ஐஎஸ்எல் எனும் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தின் அட்டவணை வெளியானால் முதலில் கிழமையைத்தான் பார்ப்பேன். கொச்சி ஆட்டம் சனிக்கிழமை என்றால் விடுப்பே வேண்டாம். வெள்ளி இரவு ரயில் ஏறி, ஞாயிறு இரவுக்குள் திரும்பிவிடலாம். வாரத்தின் நடுவில் வந்தால் தாத்தா பாட்டிகளை மறுபடியும் சாகடிக்க வேண்டியிருக்கும். கிழமை சரியாக அமைந்துவிட்டால், எங்கள் கூட்டத்தின் பெரம்பூர் அண்ணனுக்கு போன் போகும். ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த ரயிலில் காத்திருப்போர் பட்டியல் நகரும், எதில் நகராது என்பது அவருக்கு மனப்பாடம். ராயபுரத்துத் தம்பி டிரம்மைக் கொண்டுவருவான். அதற்குத் தனிப் படுக்கை கிடையாது; யாராவது ஒருவர் கால் நீட்டாமல் தூங்க வேண்டும்.

2019-20 பருவம் எங்கள் அணியான சென்னையின் எஃப்சிக்கு எப்படித் தொடங்கியது என்பதை மறக்க முடியாது. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. 2018இல் கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் ஜான் கிரிகோரி நவம்பர் முடிவதற்குள் விலகினார். டிசம்பரில் ஓவன் காய்ல் வந்தார். அப்போதெல்லாம் பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்தின் பி ஸ்டாண்டில் எங்களுக்குப் பாட்டைவிடப் புலம்பலே அதிகம். பிறகு என்ன நடந்தது என்று இன்றைக்கும் சரியாகப் புரியவில்லை. நெரியுஸ் வால்ஸ்கிஸ் என்ற லித்துவேனியர் கால் பட்டதெல்லாம் கோலாகத் தொடங்கியது. கிரிவெல்லாரோ பந்தை அனுப்பும் இடமெல்லாம் யாரோ ஒருவர் ஓடிவந்து நின்றார்கள்.

பிப்ரவரி 1, சனிக்கிழமை, கொச்சி. அதற்கு இரண்டு நாள் முன்பு, ஜனவரி 30 அன்று, இந்தியாவின் முதல் கொரோனா தொற்று கேரளத்தில் உறுதியாகியிருந்தது. வூஹானிலிருந்து திருச்சூருக்குத் திரும்பிய மாணவி. எங்கள் ரயில் விடியற்காலையில் அதே திருச்சூரில் நின்றது. நடைமேடையில் சிலர் முகக்கவசம் அணிந்திருந்தார்கள். ராயபுரத்துத் தம்பி சன்னலைக் கீழே இறக்கினான். பெரம்பூர் அண்ணன் அதை மேலே ஏற்றிவிட்டு டீ வாங்கினார். வைரஸைப் பற்றிய எங்கள் விவாதம் அத்தோடு முடிந்தது.

கொச்சியின் கலூர் மைதானத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர்களின் மஞ்சள் கடலுக்கு நடுவே நீலச் சட்டையோடு உட்காருவதற்குக் கொஞ்சம் நெஞ்சழுத்தம் வேண்டும். இடைவேளையில் நாங்கள் 3-0. பிறகு அவர்களின் ஓக்பெச்சே ஒற்றை ஆளாக மூன்று கோல் போட்டு எங்கள் வயிற்றைக் கலக்கினார். முடிவில் 6-3. கிரிவெல்லாரோ, வால்ஸ்கிஸ், சாங்டே ஆளுக்கு இரண்டு. வெளியே வரும்போது, மஞ்சள் சட்டை அணிந்த பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "இந்த முறை நீங்கள் இறுதிக்குப் போவீர்கள்" என்றார். கைகுலுக்கலைப் பற்றி யாரும் இரண்டாவது முறை யோசிக்காத கடைசி மாதம் அது.

பிப்ரவரி 29 அன்று கோவாவுடன் அரையிறுதியின் முதல் ஆட்டம், எங்கள் ஊரில். இடைவேளை வரை கோல் இல்லை. இரண்டாம் பாதியில் கோயன், தாபா, சாபியா, சாங்டே என்று நான்கு. 4-1. முன்பின் தெரியாதவரின் வியர்வை என் கழுத்தில். யாரோ கடித்த சமோசாவின் மீதி என் கையில். எல்லோரும் ஒருவர் வாய்க்குள் ஒருவர் கத்திக்கொண்டிருந்தோம். அதற்குப் பத்து நாள் முன்பு மிலான் நகரில் அட்லாண்டா - வலென்சியா ஆட்டத்துக்கு அட்லாண்டாவின் ஊரான பெர்காமோவிலிருந்து பல்லாயிரம் பேர் போயிருந்தார்கள். அந்த ஆட்டத்தைத் தொற்றுப் பரவலோடு சேர்த்துப் பிறகு உலகமே பேசியது. பெரியமேட்டிலும் அப்படித்தான் நின்றிருந்தோம். எங்களுக்கு ஒன்றும் ஆகாமல் போனது வெறும் அதிர்ஷ்டம்.

மார்ச் 7. தமிழ்நாட்டின் முதல் தொற்று உறுதியான அதே நாள் இரவில், கோவாவில் இரண்டாம் ஆட்டம். 4-2 என்று தோற்றோம். ஆனால் மொத்தக் கணக்கில் 6-5 என்று இறுதிக்குப் போனோம். ஆட்டம் முடிந்த நிமிடமே அண்ணனுக்கு போன் செய்தேன். மணி அடிப்பதற்கு முன்னால் யாரோ இருமினார்கள். அந்த வாரம்தான் எல்லா அழைப்புகளிலும் அரசின் எச்சரிக்கை ஒலிபரப்பு புகுந்திருந்தது. இருமல் முடிந்து, கை கழுவச் சொல்லி முடித்து, அதன் பிறகு அண்ணன் வந்து, "வெள்ளிக்கிழமை வாஸ்கோ வண்டி. போட்டுவிட்டேன்" என்றார்.

இறுதி ஆட்டம் மார்ச் 14, சனிக்கிழமை, கோவாவின் ஃபடோர்டாவில். எதிரணி கொல்கத்தாவின் ஏடிகே. இரு அணியும் அதுவரை தலா இரண்டு முறை கோப்பை வென்றவை. யார் வென்றாலும் மூன்று கோப்பை கண்ட முதல் அணி. அதோடு 2015இல் நாங்கள் முதல் கோப்பையை வென்றதே இந்த ஃபடோர்டாவில்தான், கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் பெற்றுக் கோவாவை அழவைத்து. இப்படி ஒரு ஆட்டத்துக்குப் போகாதவன் எதற்காக மற்ற ஆட்டங்களுக்குப் போனான்?

மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அன்று நள்ளிரவு தாண்டி லிவர்பூல் - அட்லெட்டிகோ ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அட்லெட்டிகோவின் ஊரான மாட்ரிட்டில் பள்ளிகளை மூடிவிட்டார்கள். அங்கே லீக் ஆட்டங்களுக்கும் ரசிகர்களை விடவில்லை. ஆனாலும் சுமார் 3,000 பேர் அங்கிருந்து விமானமேறி லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். கொடுத்துவைத்தவர்கள் என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது. மறுநாள் வியாழக்கிழமை எங்கள் செய்தி வந்தது: இறுதிப் போட்டி பார்வையாளர் இல்லாமல் நடக்கும், டிக்கெட் பணம் திருப்பித் தரப்படும்.

வாட்ஸ்அப் குழு அன்று இரவு தூங்கவில்லை. பாதிப் பேர் ரயில் டிக்கெட்டை ரத்து செய்தார்கள். அவர்களிடம் நியாயம் இருந்தது. ஒருவர் வீட்டில் கைக்குழந்தை, ஒருவருக்கு அம்மாவின் சர்க்கரை நோய். மீதி இருந்த எங்களிடம் நியாயம் எதுவும் இல்லை. கோவாவில் அதுவரை ஒரு தொற்றும் உறுதியாகவில்லை என்று அண்ணன் சொன்னார். "மைதானத்துக்குள் விடாவிட்டால் ஊருக்குள்ளுமா விடமாட்டார்கள்?" என்றான் தம்பி. வெள்ளிக்கிழமை மத்திய அரசு முகக்கவசத்தையும் சானிடைசரையும் அத்தியாவசியப் பொருளாக அறிவித்தது. சென்ட்ரலுக்கு வரும் வழியில் ஏறி இறங்கிய மருந்துக் கடைகளில் இரண்டுமே இல்லை. அண்ணன் வீட்டிலிருந்து ஒரு லைஃப்பாய் சோப்பைப் பாதியாக வெட்டி, டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

வண்டியில் கூட்டம் குறைவு. டிரம்முக்கு முதல் முறையாகத் தனிப் படுக்கை கிடைத்தது. எங்கள் பெட்டியில் வந்த ஒரு குடும்பம், தம்பி ஒரு முறை தும்மியதும் மரியாதையாக எழுந்து அடுத்த தடுப்புக்குப் போனது. காட்பாடி தாண்டும்போது புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். வழக்கமாக ஒரே பொட்டலத்தில் நான்கு கை விழும். அன்று அண்ணன் ஆளுக்கொரு இலையில் பிரித்து வைத்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

லோண்டா தாண்டினால் மலை. காசில்ராக்கிலிருந்து குளெம் வரை வண்டி சுரங்கங்களுக்குள் புகுந்து புறப்பட்டு மெதுவாக இறங்கும். மார்ச் மாதத்தில் தூத்சாகர் அருவியில் பெயருக்குத்தான் தண்ணீர். கறுத்த பாறையில் வெள்ளைக் கோடு இழுத்தது மாதிரி. மழைக்காலத்தில் இந்தப் பாதைக்காகவே இந்த ரயிலில் வரலாம். மட்காவ் நிலையத்தில் இறங்கியதும் பைலட் எனப்படும் மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர்கள் எங்கள் நீலச் சட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். "உள்ளே விடமாட்டார்கள், தெரியுமா?" என்றார் ஒருவர். தெரியும் என்றோம். "பிறகு எதற்கு?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் நாங்களும் சிரித்தோம்.

ஊர் சாதாரணமாகத்தான் இருந்தது. மார்க்கெட்டில் மீன், பூ, காய்ந்த இறால், பேரம். மாலையில், பள்ளிகள், காசினோக்கள், நீச்சல் குளங்கள் எல்லாவற்றையும் நள்ளிரவிலிருந்து மூடுவதாகக் கோவா அரசு அறிவித்த செய்தி வந்தது. ஒரு தள்ளுவண்டியில் ரோஸ் ஆம்லெட் சாப்பிட்டோம்: கோழிக் குழம்பில் மிதக்கும் ஆம்லெட், மேலே வெங்காயம், தொட்டுக்கொள்ளப் பாவ். குழம்பில் தேங்காயும் வறுத்த மசாலாவும் நம் செட்டிநாட்டுக்குப் பக்கத்து வீடு. அண்ணன் மட்டும் பாவைத் தொடுவதற்கு முன்னால் சோப்பு டப்பாவைத் திறந்து, குடிநீர் பாட்டிலைச் சாய்த்து, முழங்கை வரை கழுவினார். வண்டிக்காரரும் அவர் கழுவி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு தன் கையை நீட்டிச் சோப்பு கேட்டார்.

இந்தப் பருவத்தில் நாங்கள் பார்த்த மூன்று மைதானங்களுக்கும் நேருவின் பெயர்தான் என்பதைத் தம்பி கண்டுபிடித்தது, ஃபடோர்டா மைதானத்தின் பெயர்ப் பலகைக்கு முன்னால் நின்றபோதுதான். சென்னை நேரு, கொச்சி நேரு, கோவா நேரு. இதில் மூன்றாவது நேரு எங்களை உள்ளே விடவில்லை.

விளக்குக் கம்பங்கள் முழு வெளிச்சத்தில் எரிந்தன. வாசலில் காவலர்கள். எங்களைப்போலவே வந்திருந்த வேறு சிலரும் நின்றார்கள். இரண்டு பேர் ஏடிகே சட்டையில், கொல்கத்தாவிலிருந்து வந்தவர்கள். கூட்டம் சேராமல் எதிர்ச்சாரியில் நின்றுகொள்ளுங்கள் என்று ஒரு காவலர் சொன்னார். எதிர்ச்சாரியில் நின்று கைப்பேசியைத் திறந்தோம்.

அப்போது நடந்ததுதான் இந்தப் பயணத்தில் எனக்கு மறக்காதது. கைப்பேசியில் அணிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தபோதே, சுவருக்கு உள்ளே விசில் கேட்டது. நேரலை அரை நிமிடம் பின்தங்கி வந்தது. ஆட்டத்தை எங்கள் காது முன்கூட்டியே கேட்டது. கண் பிறகு பார்த்தது. நிறைந்த மைதானமென்றால் சத்தத்தை வைத்தே எல்லாம் தெரிந்துவிடும்: நம் கோலா, எதிரி கோலா, கம்பத்தில் பட்டதா, ஆஃப்சைடா. இங்கே பத்தாவது நிமிடத்தில் உள்ளிருந்து சிலரின் கத்தல் மட்டும் வந்தது. மகிழ்ச்சிதான், ஆனால் யாருடைய மகிழ்ச்சி? நாங்கள் நால்வரும் கொல்கத்தாக்காரர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மூச்சுவிடாமல், திரைக்காகக் காத்திருந்தோம். திரையில் ஹாவி ஹெர்னாண்டஸ் பந்தை உதைத்தார். கொல்கத்தாக்காரர்கள் துள்ளினார்கள்.

இடைவேளை முடிந்து வந்த வேகத்தில் ஏடிகேவின் எடூ கார்சியா 2-0 ஆக்கினார். அந்தக் கத்தலுக்கு நாங்கள் திரையைப் பார்க்கக்கூட இல்லை. 69ஆவது நிமிடத்தில் மறுபடியும் ஒரு கத்தல். இந்த முறை ராயபுரத்துத் தம்பி, "இது நம்முடையது" என்றான். எப்படித் தெரியும் என்றேன். "ஒருவன் தமிழில் கத்தினான்" என்றான். எங்கள் அணியின் எட்வின் வான்ஸ்பால் தமிழ்நாட்டுக்காரர். அவராக இருக்கலாம், அல்லது தம்பியின் ஆசையாக இருக்கலாம். திரையில் வால்ஸ்கிஸ் அடித்தபோது நாங்கள் ஏற்கெனவே கட்டிப்பிடித்து முடித்திருந்தோம். அவருக்கு அது பருவத்தின் பதினைந்தாவது கோல். தங்கக் காலணியும் அவருக்கே. தம்பி டிரம்மை எடுத்தான். காவலர் சாலையைக் கடந்து வந்து, அடிக்கவேண்டாம் என்று சொல்லாமல், "மெதுவாக" என்றார். மெதுவாக அடிப்பதற்கு டிரம் எதற்கு? இருந்தாலும் அடித்தான். உள்ளே கேட்டிருக்க வேண்டும் என்று நம்புகிறோம்.

கூடுதல் நேரத்தின் மூன்றாவது நிமிடத்தில் மீண்டும் ஹாவி. 3-1. கோப்பை கொடுப்பதைப் பார்க்க நாங்கள் நிற்கவில்லை. கொல்கத்தாக்காரர்கள் கை நீட்ட வந்து, பாதியில் நிறுத்தி, முழங்கையை நீட்டினார்கள். முழங்கையால் தோல்வியை ஒப்புக்கொள்வது வினோதமாகத்தான் இருந்தது.

திரும்பும்போது பெங்களூரு வரை இரவு பஸ். கர்நாடகத்தில் திரையரங்குகளையும் மால்களையும் ஏற்கெனவே மூடியிருந்தார்கள். நாட்டின் முதல் கொரோனா மரணம் அங்கே கலபுரகியில்தான் பதிவாகியிருந்தது. திங்கள் காலை மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் டீ குடிக்க இடம் தேடவேண்டிய அவசியமே இல்லை, அத்தனை வெறிச்சோடியிருந்தது. அன்றே தமிழ்நாட்டிலும் திரையரங்குகளை மூடும் அறிவிப்பு வந்தது. மார்ச் 25இலிருந்து நாடே மூடியது. ரத்து செய்த நண்பர்களிடமிருந்தும் விலகி, போய்வந்த நாங்கள் வீட்டின் ஓர் அறையில் எங்களை நாங்களே பூட்டிக்கொண்டோம். அம்மா சாப்பாட்டை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த பருவம் முழுவதும் கோவாவிலேயே, ஃபடோர்டா, பாம்போலிம், வாஸ்கோ என்று மூன்று மைதானங்களில், ஆளில்லாமல் நடந்தது. அதற்கடுத்ததும் இறுதிப் போட்டி தவிர அப்படியே. பெரியமேட்டில் பி ஸ்டாண்டுக்கு நாங்கள் திரும்பப் போனது 2022 அக்டோபரில்தான். தம்பிக்கு அதற்குள் திருமணமாகிவிட்டது. டிரம்மின் தோலை எலி கடித்திருந்ததால் புதிதாகக் கட்டவேண்டியிருந்தது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு: நேரில் பார்த்த வெளியூர் ஆட்டங்களை ஒவ்வொருவரும் ஒரு நோட்டில் எழுதி வைப்போம். 2020 இறுதிப் போட்டியை அதில் எழுதலாமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. மைதானத்துக்குள் கால் வைக்காதவன் எழுதக்கூடாது என்பது டிக்கெட்டை ரத்து செய்தவர்களின் கட்சி. விசில் சத்தம் காதில் விழுந்திருந்தால் போதும் என்பது அண்ணனின் தீர்ப்பு. தம்பியோ, உள்ளே கேட்கும்படி டிரம் அடித்தவன் ஆட்டத்திலேயே பங்கெடுத்தவன் என்கிறான். நான் என் நோட்டில் எழுதிவிட்டேன், பேனாவால்.