முதலில் குத்து, அப்புறம்தான் கால்

ஆரம்பாக்கம் தாண்டி, தடா பக்கத்தில் ஒரு நண்டு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். கம்பெனி என்றால் ஒரு ஷெட், இரண்டு தராசு, வரிசையாகச் சிமெண்ட் தொட்டிகள், அவ்வளவுதான். பழவேற்காடு ஏரியில் பிடிபடும் களி நண்டை உயிரோடு வாங்கி, தரம் பிரித்து, கட்டி, சென்னை விமான நிலையத்துக்கு ஏற்றுவோம். அங்கிருந்து சிங்கப்பூர், மலேசியா என்று போகும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருப்பதால், வருகிறவர்களில் பாதிப்பேர் தெலுங்கில் விலை சொல்வார்கள், நாங்கள் தமிழில் குறைப்போம்.

இந்தத் தொழிலில் உயிர்தான் சரக்கு. நண்டு செத்துவிட்டால் அதன் செரிமான நொதிகளே சதையைக் கரைக்க ஆரம்பித்துவிடும், யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் எங்கள் ஷெட்டில் இருக்கும்வரை நண்டுக்கு மாப்பிள்ளைக் கவனிப்பு. வெயில் படக் கூடாது, காற்று அடிக்கக் கூடாது, மேலே ஈரச் சாக்கு இருந்துகொண்டே இருக்க வேண்டும். செவுள் ஈரமாக இருந்தால் தண்ணீருக்கு வெளியே நாள்கணக்கில் தாங்கும். வளைக்குள் கம்பி விட்டுக் குத்தி இழுத்த நண்டை நாங்கள் தொடவே மாட்டோம், ஓட்டில் சின்ன ஓட்டை விழுந்திருந்தாலும் ராத்திரிக்குள் போய்விடும். இருளர் பெண்கள் சேற்றில் கையால் தடவிப் பிடித்துக் கொண்டுவருவதில் பெரும்பாலும் ஒரு கால்கூடக் குறைந்திருக்காது. அதற்கு நல்ல விலை.

கட்டுகிற வேலைக்கு ஒரு அக்கா இருந்தார். நண்டின் முதுகைக் குதிகாலால் லேசாக அழுத்திக்கொண்டு, இரண்டு கொடுக்கையும் உடம்போடு மடக்கி, நூலைக் குறுக்கே சுற்றி வயிற்றுப்பக்கம் முடிச்சுப் போடுவார். போட்டதும் கால்கள் முளைக்கும் இடத்தில் அடிஓட்டைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு. அமுங்கினால் அது வாட்டர் நண்டு. சட்டை உரித்துப் புது ஓடு போட்டிருக்கும், உள்ளே சதை ஏறியிருக்காது. தராசுக்குப் போகாமல் தனிக் கூடைக்குப் போகும்.

அதே அக்கா, ஏற்றுமதிக்கு ஆகாத ஒற்றைக் கொடுக்கு நண்டை வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் ஷெட் வாசலிலேயே சுத்தம் செய்வார். முதலில் கொடுக்கை முறுக்கி எடுப்பார். அப்புறம் கால்கள், ஒவ்வொன்றாக. கடைசியில் மேலோட்டைப் பெயர்ப்பார். பெயர்த்த பிறகும் வாயருகே இருக்கும் குட்டிக் கால்கள் அசைந்துகொண்டேதான் இருக்கும். "கொடுக்க மொதல்ல எடுக்கலன்னா வெரல் போயிடும் தம்பி" என்பார். நியாயம்தான். களி நண்டின் பிடி அப்படி.

சுவிட்சர்லாந்தில் 2018 முதல் சிங்கி இறாலை மயக்கமூட்டாமல் உயிரோடு கொதிநீரில் போடக் கூடாது. பிரிட்டனில் 2021-இல் ஜொனாதன் பர்ச் தலைமையில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் குழு, இந்த உயிர்களுக்கு உணர்வு உண்டா என்று ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தது. அடுத்த ஆண்டு வந்த சட்டம் நண்டு, இறால் இனங்களையும் உணர்வுள்ள உயிர்கள் என்று ஏற்றுக்கொண்டது. அங்கெல்லாம் பேச்சு பெரும்பாலும் கொதிக்கும் பானையைப் பற்றியது. நம் வீடுகளில் நண்டை ஆய்ந்துதான் குழம்பில் போடுகிறோம், அதனால் நமக்கு இதில் சம்பந்தமில்லை என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உயிரோடு ஒவ்வொரு காலாகப் பிய்ப்பது பானையைவிட எந்த வகையில் மேல்?

நண்டுக்கு வலி ஏது என்பவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்வுட்டும் பேரி மாகீயும் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கரை நண்டுகளுக்கு ஒளிந்துகொள்ள இரண்டு இருட்டு மறைவிடங்கள். ஒன்றில் நுழைந்தால் மின் அதிர்ச்சி. சில முறை பட்டதும் பல நண்டுகள் அடுத்த மறைவிடத்துக்கு மாறிக்கொண்டன. தொட்டால் சுருங்கும் அனிச்சை மட்டும் இருந்தால் இடத்தை நினைவில் வைத்துத் தவிர்க்க வேண்டிய அவசியம் இல்லை.

செய்ய வேண்டியது பெரிதில்லை. ஐஸ் கலந்த உப்புத் தண்ணீரில் 20 நிமிடமாவது நண்டைப் போட்டு வைக்க வேண்டும். நல்ல தண்ணீர் கூடாது, உடம்பின் உப்புச் சமநிலை குலைந்து அது தனி வதை. ஏற்றுமதி நண்டுக்கு இதே ஐஸை நாங்கள் எமனாகப் பார்த்தோம். சாகப்போகிற நண்டுக்கு அதுதான் உதவி. மரத்துப்போன நண்டு கடிக்காது. அப்புறம் புரட்டிப் போட்டால் வயிற்றில் மடிந்த மடல் தெரியும், ஆணுக்கு ஒடுக்கம், பெண்ணுக்கு அகலம். அதைத் தூக்கி, அடியில் இருக்கும் குழியில் கூரான கம்பியை இறக்கினால் பெரிய நரம்பு முடிச்சு அழியும். இன்னொரு முடிச்சு கண்களுக்குப் பின்னால் இருக்கிறது, அங்கேயும் ஒரு குத்து. சில நொடி வேலை, அதன்பிறகு காலைப் பிய்க்கலாம். ஐஸ் மட்டும் போதாது. அசைவு நின்றதாலேயே வலி நின்றதென்று அறிவியலாளர்கள் ஒத்துக்கொள்வதில்லை.

நம் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இலேயே மனிதன் தவிர்ந்த எந்த உயிரினமும் விலங்குதான் என்று சொல்லிவிட்டது. உணவுக்காகக் கொல்லலாம், தேவையில்லாத வேதனை கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. நண்டு ஆய்கிற இடத்தில் இந்தச் சட்டத்தை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அக்காவிடம் வலியைப் பற்றிப் பேசியபோது சிரித்தார். கடிக்காது என்றதும் ஐஸ் பெட்டியை இழுத்துக்கொண்டார். மடலைத் தூக்கிக் குத்துவதையும் சீக்கிரமே கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டில் இதை நடத்துவதுதான் கஷ்டம், வரிசையில் நிற்கிறவர்கள் 20 நிமிடம் பொறுக்க மாட்டார்கள். ஆனால் மீன் கடையில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. வந்ததும் நண்டை எடை போட்டு உப்புக் கலந்த ஐஸ் தண்ணீரில் போடச் சொல்லிவிட்டு, காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பலாம். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். இரண்டு வாரத்தில் பழகிவிடுவார்.